காப்பி யந்திரத்தின் காய்ச்சல்

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சுட்டால் உஷ்ணமானியை நாக்கின் அடியில் வைத்துப் பார்க்கிறோம். பாதரசம் 98.4 என்ற கோட்டில் நின்றால் நிம்மதி. ஏறினால் வைத்தியரைத் தேடுகிறோம். காப்பி யந்திரத்தின் விஷயம் வேறு. அதற்கு எப்பொழுதுமே காய்ச்சல்தான். எத்தனை டிகிரிக் காய்ச்சல் என்பதில்தான் தகராறு.

எஸ்பிரெஸ்ஸோ யந்திரம் ஒன்றை விலை கொடுத்து வாங்கிச் சமையலறை மேடையில் பிரதிஷ்டை செய்துவிட்டவர்களின் அவஸ்தையை வாசகர்களில் சிலராவது அறிந்திருப்பார்கள். திங்கட்கிழமை காப்பி தேவாமிர்தம். செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் பிழிந்தாற்போலப் புளிப்பு. புதன்கிழமை கரிந்துபோன கசப்பு. கொட்டை அதேதான், தூள் அதேதான், போட்ட கையும் அதேதான். முதலில் பழி கொட்டை விற்ற கடைக்காரன் தலையில் விழுகிறது, கொட்டையை மாற்றுகிறார்கள். அப்புறம் அரைக்கும் யந்திரத்தை மாற்றுகிறார்கள். கடைசியில், இருக்கிற யந்திரத்தை அரை விலைக்குத் தள்ளிவிட்டு அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள இன்னொன்று வாங்குகிறார்கள். குடும்பத்தின் மாத வரவு செலவில் காப்பிக்கென்று இவ்வளவு பெரிய பள்ளம் விழுவதற்குமுன், யந்திரத்துக்குள் உஷ்ணம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டால் டிகாக்‌ஷன் தன் இஷ்டப்படி, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஜலம் கொஞ்சம் ஆறியிருந்தாலும் பொறுமை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பொறுமையே கிடையாது. இத்தாலியில் இந்தப் பானத்துக்கு இலக்கணம் வகுத்திருக்கும் தேசிய எஸ்பிரெஸ்ஸோ நிலையம் சொல்லுகிற அளவைப் பாருங்கள்: தூள் 7 கிராம், ஜலத்தின் அழுத்தம் 9 பார், அதாவது வெளிக் காற்றைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு, யந்திரத்திலிருந்து வெளிவரும் ஜலத்தின் உஷ்ணம் 88 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின்னாக, கோப்பையில் விழுவது நுரையோடு சேர்த்து 25 மில்லி லிட்டர், ஆகும் நேரம் 25 விநாடி. (இக்கட்டுரையில் இனி வரும் டிகிரிகள் எல்லாம் ஸென்டிகிரேட்.) அமெரிக்கர்கள் இன்னும் சற்றுச் சூடாக, 90-க்கும் 96-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுகிறார்கள். எப்படியானாலும் இருபத்தைந்து விநாடியில் முடிந்துவிடுகிற காரியத்தில், தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் ஏது?

உஷ்ணத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்ற எண்ணமே இந்த யந்திரத்துக்குப் பின்னாளில் வந்ததுதான். டூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ 1884-இலும், மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா 1901-இலும் உரிமை பெற்ற யந்திரங்களில், காப்பித் தூளின் வழியே ஜலத்தைத் தள்ளும் வேலையை நீராவிதான் செய்தது. தள்ளுவதற்குப் பலம் வேண்டுமென்றால் நீராவியின் அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் உஷ்ணமும் 100 டிகிரியைத் தாண்டி ஏறும். ஒன்றை விட்டு ஒன்று வராது. மாட்டையும் கன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல. அந்தக் காலத்து இத்தாலியக் காப்பி கருகிய கசப்புள்ளதாக இருந்ததற்கு இதுவே காரணம். கயிற்றை அறுத்தவர் அக்கீலே காஜ்ஜியா. 1938-இல் முதல் உரிமையும், யுத்தம் முடிந்த பிறகு 1948-ஐ ஒட்டிக் கைப்பிடி வைத்த யந்திரமும் அவருடையவை. வில்லின் பலத்தால் பிஸ்டன் ஜலத்தைத் தள்ளியது. நீராவிக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. அழுத்தம் ஒன்பது மடங்காக உயர்ந்தது. உஷ்ணமோ கொதிநிலைக்குக் கீழே இறங்கி வந்தது. காப்பியின்மேல் பொன்னிற நுரை படர்ந்ததும் அன்று முதல்தான்.

இத்தாலிய இல்லங்களில் இந்தப் பெரிய யந்திரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பது வேடிக்கை. அவர்கள் வீட்டில் அடுப்பின்மேல் வைப்பது 1933-இல் பியாலெட்டி கொண்டுவந்த எட்டுப் பட்டை அலுமினிய மோக்கா பாத்திரம். எஸ்பிரெஸ்ஸோ வேண்டுமானால் தெருக்கோடிக் கடைக்குப் போய், நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு வருவார்கள். வீட்டு யந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிகிரிக் கணக்குப் பார்க்கும் பைத்தியம் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையது. ஆனால் அந்தப் பைத்தியத்தில் சாஸ்திரம் இருக்கிறது.

மிலானுக்கு அருகிலுள்ள பராபியாகோ ஊரின் ராஞ்சிலியோ கம்பெனி 1997-இல் ‘சில்வியா’ என்ற வீட்டு யந்திரத்தை வெளியிட்டது. காஜ்ஜியா பெயரால் வழங்கும் ‘கிளாஸிக்’ அதற்குச் சில ஆண்டுகள் மூத்தது. இரண்டும் ஒரே ஒரு பாய்லர் உள்ளவை. சில்வியாவின் பித்தளை பாய்லர் 300 மில்லி லிட்டர்தான் பிடிக்கும். காஜ்ஜியாவின் பாய்லர் அதிலும் சிறியது. அந்தச் சிறு செம்புக்குள்தான் அத்தனை கூத்தும் நடக்கிறது.

பாய்லரின்மேல் தெர்மோஸ்டாட் என்ற ஒரு சிறு சில்லு ஒட்டியிருக்கிறது. அதனுள்ளே இரு வேறு உலோகங்களைச் சேர்த்துச் செய்த தகடு. குறிப்பிட்ட சூடு வந்தால் அது சட்டென்று வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி நிமிர்ந்து மின்சாரத்தை விடும். இவ்வளவுதான் அதன் புத்தி. அது துண்டித்த பிறகும், பழுத்திருக்கும் கம்பிச் சுருள் தன்னிடமுள்ள சூட்டையெல்லாம் ஜலத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே உஷ்ணம் மேலே ஓடும். பிறகு மெல்ல மெல்ல ஆறி, தகடு நிமிரும் நிலைக்கு வந்து, மின்சாரம் பாய்ந்து, சுருள் காய்ந்து, அது ஜலத்தைத் தொடுவதற்குள் உஷ்ணம் இன்னும் கீழே போய்விடும். இப்படி ஊஞ்சல் ஆடும்போது மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் பத்து டிகிரிக்கும் அதிகமான வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது. ஊஞ்சல் மேலே போயிருக்கும் சமயம் நீங்கள் பொத்தானை அழுத்தினால் கசப்பு. கீழே வந்திருந்தால் புளிப்பு. திங்கட்கிழமையின் தேவாமிர்தம் ஊஞ்சல் நடுவழியில் இருந்த அதிர்ஷ்டம்.

போதாக்குறைக்கு இன்னொன்று. காப்பி இறங்க இறங்கப் பம்ப் பச்சை ஜலத்தை உள்ளே தள்ளுகிறது. 300 மில்லி லிட்டர் ஜலம் 95 டிகிரியில் இருக்கிறது. 50 மில்லி லிட்டர் வெளியே போய், அதற்குப் பதிலாக 25 டிகிரியில் 50 மில்லி லிட்டர் வந்து கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி, கலவை 83 டிகிரிக்கு இறங்கிவிடும். நல்லவேளையாக, வந்த ஜலம் அந்தக் கணமே முழுவதும் கலந்துவிடுவதில்லை. தடித்த பித்தளையும் தன்னிடம் சேமித்த சூட்டைக் கொடுத்து உதவுகிறது. இருந்தாலும், ஒரு கோப்பை எடுத்த கையோடு அடுத்ததை எடுத்தால் விருந்தாளிக்குக் கிடைப்பது முதல் கோப்பையின் தங்கையாக இராது. தூரத்து உறவாகவே இருக்கும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்றை யந்திரப் பிரியர்கள் கண்டுபிடித்தார்கள். கடல் அலையின்மேல் பலகையைப் போட்டுச் சவாரி செய்பவன் அலை எழும் சமயம் பார்த்து ஏறுகிறான் அல்லவா? அதுபோல, முதலில் கொஞ்சம் வெந்நீரை வெளியே விட்டு யந்திரத்தின் விளக்கை எரியச் செய்வது. விளக்கு அணையும் வரையில் காத்திருப்பது. அணைந்தபின் இத்தனை விநாடி என்று எண்ணிப் பொத்தானை அழுத்துவது. தினந்தோறும் அதே விநாடியில் அழுத்தினால் தினந்தோறும் ஊஞ்சலின் அதே இடத்தில் ஏறிக்கொள்கிறோம். அதிகப் புளிப்பாக இருந்தால் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது, கசப்பாக இருந்தால் கூட்டுவது. காசு செலவழிக்குமுன் இதை இரண்டு வாரம் செய்து பார்க்கும்படி சிபாரிசு செய்கிறேன். கடிகாரம் ஒன்றே போதும். அதுவும் இல்லாவிட்டால் வாய்விட்டு எண்ணலாம்.

காசு செலவழித்துச் செய்யும் வைத்தியத்தின் பெயர் பி.ஐ.டி. இதன் பூர்வோத்தரம் காப்பிக் கடையில் இல்லை, கடலில் இருக்கிறது. ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கொலாஸ் மினோர்ஸ்கி என்ற எஞ்சினியர், கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை உன்னிப்பாகக் கவனித்து, 1922-இல் ஒரு கட்டுரை எழுதினார். கைதேர்ந்த மாலுமி, கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகியே நிற்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பவற்றையும் சேர்த்து மனத்தில் கொள்ளுகிறான். கப்பலின் மூக்கு நேரான பிறகு சுக்கானைத் திருப்புவதில்லை. நேராகப் போகிறது என்று தெரிந்தவுடனேயே திருப்பத் தொடங்கிவிடுகிறான். மினோர்ஸ்கி இதைக் கணிதமாக்கினார். ‘நியூ மெக்ஸிகோ’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் பரீட்சை நடந்தது. நம் பாட்டிமார்களுக்குப் போர்க்கப்பல் தேவைப்படவில்லை. பால் பொங்கி வழிந்த பிறகா அவர்கள் விறகை வெளியே இழுத்தார்கள்? ஓரத்தில் நுரை கட்டும்போதே இழுத்துவிடவில்லையா? தெர்மோஸ்டாட் என்பது பால் வழிந்த பிறகு ஓடி வருகிற வேலைக்காரன், பி.ஐ.டி. பாட்டி.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில், தொழிற்சாலை உலைகளுக்கென்று விற்கப்பட்ட இந்தச் சிறு பெட்டிகளை வாங்கித் தங்கள் சில்வியாவோடு இணைத்தார்கள் சில அமெரிக்கர்கள். ஸியாட்டில் நகரத்தில் எஸ்பிரெஸ்ஸோ விவாச்சே என்ற கடையை நடத்திய டேவிட் ஷோமர், கடை யந்திரங்களிலும் உஷ்ணம் அசையாமல் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தி வந்தவர்களில் முக்கியமானவர். இன்று பல வீட்டு யந்திரங்கள் பி.ஐ.டி.யுடனேயே விற்பனைக்கு வருகின்றன. பொத்தானை அழுத்தினால் எண் ஏறுகிறது, இறங்குகிறது. இங்கேதான் புதிய சங்கடம் ஆரம்பமாகிறது.

எண் தெரியாதவரையில் மனிதன் நாக்கை நம்பினான். எண் கண்ணுக்குத் தெரிந்தவுடன் நாக்கை மறந்துவிட்டான். ஒளிரும் 93 என்ற எண்ணைப் பார்த்து, “தூளின்மேல் விழும் ஜலம் 93 டிகிரி” என்று நினைப்பது சகஜம். பெரும்பாலும் அது உண்மையல்ல. உஷ்ணத்தை அளக்கும் கம்பி பாய்லரின்மேல் இருக்கிறது. அங்கிருந்து ஜலம் கனமான பித்தளைத் தலையின் வழியாக இறங்கி, வடிகட்டிக் கிண்ணத்தைத் தொட்டு, அதன் பிறகே தூளை நனைக்கிறது. வழியெல்லாம் சூட்டை வரியாகக் கட்டிக்கொண்டு போகிறது. தூளில் 93 வேண்டுமானால் பாய்லரில் 100-க்கு மேலேயே வைக்க வேண்டிய யந்திரங்கள் உண்டு. சில கம்பெனிகள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே கழித்து எண்ணைக் காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. எது என்பதை யந்திரத்துடன் வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்துக்குள்ளேயே உஷ்ணமானியைப் பொருத்தி, காப்பி இறங்கும் அதே வேகத்தில் ஜலம் இறங்கும்படி செய்து அளக்கும் ஸ்கேஸ் என்ற கருவி இருக்கிறது. அதை விலைக்கு வாங்கும்படி எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்லத் துணிய மாட்டேன்.

இன்னொரு விஷயம், எண் 93-ஐத் தொட்ட மாத்திரத்தில் யந்திரம் தயாராகிவிட்டதாகப் பொருள் இல்லை. பாய்லர் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். பித்தளைத் தலை காய அரை மணி ஆகும். கிண்ணத்தைத் தலையிலேயே மாட்டிவைத்து, அதையும் கூடவே சுட விடுங்கள். காலை ஐந்தரைக்கு யந்திரத்தைப் போட்டுவிட்டுப் பல் துலக்கிக் குளித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். அவசரக்காரர்கள் கொஞ்சம் வெறும் வெந்நீரைத் தலைவழியே விட்டுவிட்டுத் தொடங்கலாம். அதுவும் பாதிப் பலன்தான் தரும்.

சரி, எண்ணை எப்பொழுது தொடுவது? எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலில் தூளின் எடையைத் தராசில் நிறுத்து ஒரே அளவில் வையுங்கள். இன்றைய வீட்டு யந்திரங்களின் இரட்டைக் கிண்ணத்துக்கு 18 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பையில் இறங்குவது அதைப்போல் இரண்டு மடங்கு எடை. அது 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கும்படி அரைப்பைச் சரி செய்யுங்கள். சீக்கிரம் ஓடிவிட்டால் நைஸாக அரைக்க வேண்டும். சொட்டிக்கொண்டு நின்றால் சற்றுப் பரபரப்பாக. இவ்வளவும் ஒழுங்குபட்ட பிறகும் புளிப்பு மிஞ்சினால் இரண்டு டிகிரி ஏற்றுங்கள். கசப்பு மிஞ்சினால் இரண்டு டிகிரி இறக்குங்கள். காப்பியின் புளிப்புச் சத்துக்கள் சுலபமாகக் கரைந்து வந்துவிடுகின்றன. கசப்புக்குரியவை பொதுவாகத் தாமதமாக, கூடுதல் சூட்டில் வருகின்றன. அதனால் இந்த விதி. வெளிறிய வறுவலாக இருந்தால் 94, 95 வரையில் போக வேண்டியிருக்கும். கறுத்து எண்ணெய் பூத்த வறுவலுக்கு 90-க்கும் கீழேகூட நன்றாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். எண்ணை மாற்றியபின் கால் மணி பொறுங்கள். பித்தளை எண்ணைப் படிக்காது, அதற்குச் சூடு போய்ச் சேர வேண்டும்.

அரைப்பை முன்னுக்கும் உஷ்ணத்தைப் பின்னுக்கும் வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வடித்து இறக்கும் காப்பியை 87, 90, 93 டிகிரிகளில் போட்டு, ஆனால் அதன் திடமும் தூளிலிருந்து கரைந்து வந்த அளவும் ஒன்றாகவே இருக்கும்படி செய்து, பழகிய நாக்கு உள்ளவர்களிடம் கொடுத்தார்கள். உஷ்ணத்தால் ருசியில் நேர்ந்த வித்தியாசம் மிகச் சொற்பம். அதாவது உஷ்ணம் செய்யும் வேலையில் பெரும் பகுதி, சத்தைக் கூடவோ குறையவோ கரைப்பதுதான். அதையே அரைப்பைக் கொண்டும் செய்துகொள்ளலாம். அவர்கள் எடுத்துக்கொண்டது எஸ்பிரெஸ்ஸோ அல்ல என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும், ஒரு டிகிரிக்காக நள்ளிரவில் விழித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம். உஷ்ணம் தினம் ஒரே இடத்தில் நிற்பது முக்கியம். அந்த இடம் 92-ஆ 93-ஆ என்பது அவ்வளவு முக்கியம் அல்ல என்பதே என் அபிப்பிராயம்.

ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். 90, 93, 96 என்று மூன்று டிகிரிகளில் மூன்று கோப்பை எடுத்து, அடியில் சாக்குக் கட்டியால் குறியிட்டு, எது எதுவென்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். எண்ணை மாற்றியவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. முதல் கோப்பை கடைசிக் கோப்பைக்காகக் காத்திருக்க நேரும். பாதகமில்லை, மூன்றும் ஆறட்டும். சுடச்சுடக் குடிக்கையில் மறைந்திருக்கும் குற்றமெல்லாம் ஆறினபின் வெளிப்பட்டுவிடும். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது மேல். இல்லாவிட்டால் நீதிபதி அன்றிரவு சிவராத்திரி கொண்டாட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் டென்வர் போல 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்களில், திறந்த பாத்திரத்து ஜலம் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே கெட்டிலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. ஆனால் எஸ்பிரெஸ்ஸோ பம்ப் ஜலத்தை ஒன்பது மடங்கு அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு தள்ளுவதால், 96 டிகிரி ஜலமும் கொதிக்காமல் சாதுவாகத் தூளில் இறங்கும். மலை நாட்டுக்காரர்களுக்கு இந்த யந்திரத்தால் கிடைக்கும் லாபம் இது.

பால் பொங்க வைக்கும் நீராவிக்குப் பொத்தானைத் திருப்பும்போது ஒற்றை பாய்லர் யந்திரத்தின் உஷ்ணம் 140 டிகிரி வரையில் போகிறது. உடனே அதே சூட்டில் காப்பி எடுத்தால் கரிதான் கிடைக்கும். நீராவியை முடித்துக் குழாயை மூடியபின், தலைவழியே வெந்நீரை விடுங்கள். முதலில் சீறிக்கொண்டு புகையாக வரும், பிறகு சீற்றம் அடங்கி ஜலமாக ஒழுகும். பாய்லரில் குறைந்த ஜலமும் இதனால் நிரம்பிவிடுகிறது. நிரப்பாமல் காய விட்டால் கம்பிச் சுருள் எரிந்துபோகும். சீற்றம் அடங்குமுன் கிண்ணத்தைத் திருப்பிக் கழற்றுவது ஆபத்து. சூடான தூள் முகத்தில் தெறித்துப் புண்பட்டவர்கள் உண்டு. குழந்தைகளை அந்தச் சமயம் மேடைக்கு அருகில் விடக்கூடாது. பி.ஐ.டி. பெட்டியைத் தாமே இணைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தகர மூடிக்குள் ஜலமும் வீட்டு மின்சாரமும் நான்கு விரற்கடை இடைவெளியில் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக்கொள்வது இன்னும் சிலாக்கியம். பாய்லர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கவென்று வைத்திருக்கும் பாதுகாப்புச் சில்லை எக்காரணம் கொண்டும் அகற்றக்கூடாது.

உப்பு நீர் உள்ள ஊர்களில் பாய்லரின் உட்புறம் வெண்மையாகக் காறை படியும். காறை ஏறிய சுருள் ஜலத்துக்குச் சூட்டைத் தாமதமாகவே கொடுக்கும். முன்பெல்லாம் நன்றாக இருந்த எண்ணில் இப்பொழுது காப்பி புளிக்கிறதென்றால், எண்ணை ஏற்றுமுன் காறையைச் சந்தேகிக்க வேண்டும். எலுமிச்சை உப்பைக் கரைத்து உள்ளே விட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல ஜலத்தால் அலசினால் போய்விடும். பழைய காஜ்ஜியாக்களின் பாய்லர் அலுமினியம்; அமிலம் அதை அரித்துவிடுமாகையால், அவற்றுக்கு உப்பையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.